மடுல்சீமையில் ஒரு வழியனுப்பு

ரயில் பதுளை வரை ஓடத் தொடங்கிய பிறகு, கொழும்பு வாசகர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதுகிறார்கள்: ஊவா தேயிலைத் தோட்டங்களைப் பார்த்து வர எத்தனை நாள் வேண்டும்? போய்ப் பார்த்து எழுது என்றார் ஆசிரியர். சென்ற மாசியில் ஒரு வியாழக்கிழமை மாலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினேன். பார்த்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பாதிக்கு மேல் நான் எழுதப் போன விஷயம் அல்ல.

எதிர் இருக்கையில் ஹெக்டர் இருந்தார். கொழும்பு ஹோட்டல்களில் ஜாஸ் சங்கீதம் கேட்பவர்களுக்கு அவரைத் தெரியும். இங்கேயே பிறந்த பறங்கியர், மற்ற எல்லோரும் பான்ஜோ வாசிக்கும்போது பிடிவாதமாகக் கித்தார் வாசிப்பவர், மெட்டுகளைத் தாமே அமைப்பவர். கூடவே கார்னெட் ஊதுபவர் ஒருவர், பிடில்காரர் ஒருவர், மேளத்துக்குச் சாலி என்ற மலாய்க்காரர். மடுல்சீமைத் தோட்டமொன்றை முப்பது ஆண்டுகள் நடத்திய பெரிய துரை சீமைக்குத் திரும்புகிறார் என்றும், சனிக்கிழமை கிளப்பில் அவருக்கு விருந்தும் நடனமும் என்றும் சொன்னார்கள். "எங்களில் யாருக்கும் தமிழ் சரியாக வராது. நீயும் வா" என்றார் ஹெக்டர். தோட்டம் பார்க்க எனக்கும் ஒரு வழி கிடைத்தது.

பண்டாரவளையில் விடிந்தது. பல் கிட்டும் குளிர். கம்பளியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பதுளை நிலையத்தில் முஸ்லிம் ஓட்டுநர் காசிம் நானாவின் மோட்டார் வண்டியை மடுல்சீமைக்குப் பேசினோம். பதினெட்டு ரூபாய் கேட்டார், பதினைந்துக்கு இறங்கினார். பெரிய மேளத்தைக் கண்டதும் மறுபடி ஏறப் பார்த்தார்.

"அஞ்சு பேருன்டுதானே சொன்ன? இந்தப் பீப்பா ஆறாவது ஆள் மாதிரி இரிக்கே!"

"அவர் சாப்பிட மாட்டார், நானா" என்றார் சாலி.

"சாப்பிடாட்டி என்ன, இடத்த அடைக்கிறாரே!"

பசறைக்குப் பன்னிரண்டு மைல், பாதை பரவாயில்லை. அதற்கு மேல் பாதை என்று சொல்வது மரியாதைக்காக. மழை அரித்துப்போன ஒரு வளைவில் நானா வண்டியை நிறுத்திவிட்டார். கடைசி இரண்டு மைல் நடந்தோம். தோட்டத்து ஆட்கள் பெட்டிகளைத் தலையில் வாங்கிக்கொண்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஹெக்டர் என்னைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அழைத்துப் போனார். துரைக்காக அவர் புதிதாக ஒரு மெட்டு அமைத்திருந்தார். நடுவே தோட்டத்துத் தாளம் ஒன்று வர வேண்டும், துரைக்கு அது ஆச்சரியமாக இருக்க வேண்டும், ஆகவே காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிப்பவர் வீரன். அவர் லயத்தின் கடைசி அறையில், காம்பரா என்பார்கள், இருந்தார். சாலியும் எங்களோடு வந்திருந்தார்.

"ஒருவர் விடைபெற்றுப் போகும்போது இவர்கள் என்ன தாளம் அடிப்பார்கள் என்று கேள்" என்றார் ஹெக்டர்.

நான் கேட்டேன்: "ஒரு ஆள வழியனுப்புறப்ப என்ன அடிப்பீங்க?"

வீரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வழியனுப்புறதா? அது எதுக்குங்க ஒங்களுக்கு?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"அத சும்மா தோலுல அடிக்கக் கூடாதுங்க" என்றவர், ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து வைத்து விரலால் தட்டிக் காட்டினார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். சாலி கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது தடவை, பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பிசகாமல் தட்டினார்.

திரும்பும்போது, கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் வழிமறித்தாள். பாக்கியம் என்று பெயர். "கொழும்புலேருந்து வந்த டாக்டருங்களா? பெட்டியில மருந்துங்களா?"

"இல்லம்மா. பாட்டுக்காரங்க."

"பாட்டுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?" என்று சிரித்தவள், சட்டென்று குரல் இறங்கி, "எங்க வீட்டுக்காரரு ஒம்பது நாளா காய்ச்சல்ல தோட்டத்து ஆஸ்பத்திரியில கெடக்காரு. நேத்துலேருந்து பேச்சில்ல. டாக்டருன்னு நெனச்சு ஓடியாந்தேன்" என்றாள். கணவன் பெயரை அவள் சொல்லவில்லை. கூட இருந்தவள் சொன்னாள்: முனியாண்டி.

கிளப்பும் ஆஸ்பத்திரியும் ஒரே மேட்டில் நூறு கஜ இடைவெளியில் இருக்கின்றன. கொழுந்து நிறுக்கும் மடுவம் கீழே இருக்கிறது. மேட்டில் எழும் சத்தம் கீழே துல்லியமாகக் கேட்கும்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு நடனம் தொடங்கியது. எனக்குச் சமையல்கட்டுப் பக்கத்து வராந்தாவில் இடம் கொடுத்தார்கள். மூடுபனியில் மேளத்தோல் தொய்ந்துபோக, சாலி அதை அடுப்பில் காய்ச்சி இறுக்கியிருந்தார். அதுவும் தப்புக்குச் செய்வதுதான். ஐந்தாவதாக ஹெக்டரின் புது மெட்டு வந்தது. கித்தாரும் கார்னெட்டும் ஓய, மேளம் மட்டும் எழுந்தது. தகரத்தில் கேட்டது இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தோலில் அது நெஞ்சில் இடித்தது. ஐந்தாறு ஜோடிகள் அதற்குக் காலெடுத்து ஆடினார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அதற்குள் புல்வெளி ஓரத்தில், கீழே மடுவத்திலிருந்து ஏறி ஓடிவந்த பெண்கள் நின்றார்கள். நாற்பது பேராவது இருப்பார்கள். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, சிலர் தலையில் இன்னும் கூடை. எல்லோரும் அழுதார்கள்.

துரை வெளியே வந்தார். முப்பது ஆண்டுப் பழக்கம். தம்மைப் பிரிய முடியாமல் அழுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். அவர் கண்ணும் கலங்கியது. ஹெக்டரைப் பார்த்து, "இன்னொரு முறை. இவர்களுக்காக" என்றார்.

சாலி மறுபடி அடித்தார். அழுகை ஓலமாயிற்று. நான் இறங்கி ஓடி, முன்னால் நின்றவளிடம் கேட்டேன்.

"என்னங்க தெரியாத மாதிரி கேக்குறீங்க? சாவு அடி அடிக்குறாங்களே! முனியாண்டி போய்ட்டாருல்ல!"

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொற்களை வைத்துத்தான் பிழைக்கிறேன். வழியனுப்புவது என்றால் இந்த லயங்களில் செத்தவரை அனுப்புவது ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. மேடைக்கு ஓடிச் சாலியின் கையைப் பிடித்தேன்.

பாக்கியம் உள்ளே போய்ப் பார்க்கத் துணியாமல், ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மடுவத்துத் தூணில் இரண்டு கையையும் அடித்துக்கொண்டதில் வளையல் எல்லாம் நொறுங்கி, மணிக்கட்டில் ரத்தம். "அது சும்மா பாட்டும்மா, யாரும் சாகல" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா அவர?"

பார்க்கவில்லை. இரண்டு நாளாகப் பேச்சில்லாத மனிதன். ஹெக்டரும் நானும் உள்ளே போனோம். முதல் கட்டில் காலி. ஹெக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது கட்டிலில் ஒரு மனிதர் சுவரில் சாய்ந்தபடி, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு எங்களை முறைத்தார்.

"முனியாண்டியா?"

"ஆமாங்க. யாரு செத்தது? சுத்தமா அடிச்சானே! வீரன் கை இல்லியே அது."

மத்தியானம் காய்ச்சல் விட்டிருக்கிறது. லயத்துக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. நான் வாசலுக்கு வந்து, "உக்காந்து கஞ்சி குடிக்கிறாரும்மா" என்றேன். பாக்கியம் எழுந்தவள், ஓர் அடி வைத்து நின்றுவிட்டாள். வெறுங்கையைப் பார்த்தாள். பெண்களுக்கு அது உடனே புரிந்தது. "இருடி, இப்படியேவா போவ?" என்று தங்கள் வளையலை ஆளுக்கு ஒன்றாகக் கழற்றி அவள் கையில் ஏற்றினார்கள். பச்சை, சிவப்பு, ஒன்று பெரிது, ஒன்று நுழையவே இல்லை. அப்புறம்தான் உள்ளே விட்டார்கள்.

முனியாண்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரு வளையல் இது?" என்றார்.

"பேசாம கஞ்சியக் குடிங்க" என்றாள். ஹெக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீரன் அரை மணி கழித்து மூச்சிரைக்க வந்தார். சாலி அவர் கையைப் பிடித்து, தான் தப்பாக அடித்துவிட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றார். "தப்பா அடிச்சிருந்தா ஒரு சனம் வந்திருக்காதுங்க. சரியா அடிச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு" என்றார் வீரன். என்னிடம் மட்டும், "தொரை ஊருக்குப் போறாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. வேற அடி எத்தன இருக்கு!" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: கொழும்பிலிருந்து நான்கு நாள் போதும். பதுளையில் ஓர் இரவு தங்குங்கள். அவசரமானால் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பலாம், பாதை நல்லது. மடுல்சீமைக்குக் காலை எட்டு மணிக்குள் புறப்படுங்கள், பிற்பகலில் பனி இறங்கிவிடும். பெட்டியைச் சிறிதாக்குங்கள். லயத்தில் எதைக் கேட்பதானாலும், எதற்குக் கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆச்சரியம் வேண்டாம்.

திங்கட்கிழமை பதுளை நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டி வாசலில் துரை நின்றிருந்தார். நடந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை, நான் உட்பட. என்னைக் கூப்பிட்டு, தம் ஜனங்கள் தமக்காக அழுததைச் சாகும்வரை மறக்க மாட்டேன் என்றார். நீ பத்திரிகைக்காரனாமே, நீ கண்டதை அப்படியே எழுது என்று கேட்டுக்கொண்டார்.

எழுதியிருக்கிறேன்.