பஸ்ஸில் போன சோப்பு

தண்ணீர் வசதியையோ வெளிச்சத்தையோ பார்த்து நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவரவில்லை. தெருவின் சரிவைப் பார்த்து வந்தோம். மைசூர் அக்ரஹாரத்திலிருந்து நாலு தெரு தள்ளி, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் தெரு. பேட்டரி சோர்ந்து கிடக்கும் காலைகளில் லாரி தானாக உருண்டு கிளம்ப இந்தச் சரிவு வேண்டும். என் கணவர் ஏறி உட்கார்ந்து "கல்லை எடு" என்பார். முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை நான் இழுத்துவிட்டு ஓடி ஒதுங்குவேன். வண்டி பத்தடி உருண்டதும் கியரில் போடுவார். ஒரு குலுக்கல், ஒரு கரும்புகை, பிறகு சத்தம். அந்தச் சத்தம் வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை. மூன்று வயது மகள் மாடிப்படியில் உட்கார்ந்து கை தட்டுவாள்.

லாரி அவர் கைக்கு வந்தபோதே கிழடு. இடது கதவின் பூட்டு போனபிறகு டயர் ட்யூப்பைக் கீறிய ரப்பரால் கட்டிவைத்தார். ஜன்னல் கண்ணாடி கீழே விழாமலிருக்க ஒரு மர ஆப்பு. ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள்தூள் ஒரு கைப்பிடி. டீசல் டேங்கின் ஓரத்தில் தகட்டின் இணைப்பு விட்ட இடத்தில் துணி சோப்பு. சோப்பைப் பிசைந்து, கட்டைவிரலால் அந்தக் கீறலில் அழுத்தித் தேய்த்தால் கல் போல இறுகிவிடும். டீசலில் சோப்பு கரையாது. என் சமையலறையில் பாதி அந்த லாரிக்குள்தான் இருக்கிறது என்று நான் சொன்னால், "அதனாலதான் அது உன்னைய மாதிரியே புகையுது" என்பார்.

முறைப்படி டேங்கைக் கழற்றி, காலிசெய்து, கழுவி, வெல்டிங்கில் பற்றவைக்க வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் வண்டி நிற்க வேண்டும். நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் என்பார். அதிகம் சொன்னால் நச்சரிப்பாகிவிடுமோ என்று நானும் நிறுத்திக்கொள்வேன். நிறுத்திய பிறகு, சொல்லியிருக்க வேண்டுமோ என்று நினைப்பேன்.

ஆயுதபூஜை அன்று காலை அவர் வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வருவதற்குள் லாரியைக் கழுவிவைக்கலாம் என்று தோன்றியது. யாரும் சொல்லவில்லை. சாமி கும்பிடும் வண்டியில் ஓர் அழுக்கு இருக்கக்கூடாது என்பது என் எண்ணம். வீட்டில் மிச்சமிருந்த ஒரே துணி சோப்பைத் துருவி வாளித் தண்ணீரில் கரைத்தேன். தேங்காய் நாரால் சக்கரம், கதவு, பம்பர் என்று தேய்த்துக்கொண்டே டேங்குக்கு வந்தேன். அடியிலிருந்து நாலு விரல் மேலே, ஓரத்தில் பழுப்பாக, விரல் நீளத்துக்கு ஏதோ படிந்திருந்தது. நாருக்கு வரவில்லை. பழைய கரண்டிக் காம்பை எடுத்துவந்து சுரண்டினேன். உதிர்ந்து விழுந்தது. சுத்தமான அந்த இடத்தில் விபூதி பூசி, பெரிதாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

டேங்கில் அப்போது டீசல் அந்த இடத்துக்குக் கீழே, அடியில்தான் கிடந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. பூஜை முடிந்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பங்க் வரைக்கும் ஒரு சுற்றுப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து நிறுத்தினார். மறுநாள் விஜயதசமி. மேட்டூருக்கு வீடு மாற்றிப் போகும் ஒரு குடும்பத்தின் சாமான்களை ஏற்றிப் போகும் வேலை இருந்தது. தசரா ஊர்வலத்துக்காகத் தெருக்களை அடைப்பதற்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டுமென்று விடியும் முன்பே கிளம்பிவிட்டார். என்னை எழுப்பவில்லை. முந்தின நாள் நன்றாக ஓடிய வண்டி, பேட்டரி ஏறி செல்ஃப் ஸ்டார்ட்டரிலேயே கிளம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் மகளைக் குளிப்பாட்டி, தாம்பாளத்தில் அரிசி பரப்பி எழுத்து ஆரம்பிக்க வேண்டும். அவள் குளிக்கும் சோப்பைக் காணோம்.

"சோப்பை எங்கடி போட்ட?"

"நான் ஹாக்கலை. அப்பா எடுத்துட்டாங்க." போடலை என்பதைத் தெருப் பிள்ளைகளின் கன்னடம் கலந்துதான் சொல்வாள்.

"அப்பா எதுக்கு உன் சோப்பை எடுக்கிறாங்க?"

"லாரிக்கு ஸ்நானம்."

சிரிக்கப் போனவள் நின்றுவிட்டேன். ஈரக் குழந்தையைத் துண்டோடு தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். கல் ஓரமாகக் கிடந்தது. லாரி நின்ற இடத்தில் சிமெண்ட்டில் முறம் அகலத்துக்கு ஒரு கறுப்பு ஈரம். குனிந்தால் டீசல் வாசனை. அதன் நடுவில் குங்குமம் கரைந்து சிவப்பாக ஒரு கோடு.

அது அழுக்கு இல்லை. அது சோப்பு. அவர் அழுத்தி வைத்ததை இரண்டு மாதத்துக்கு முன் நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். டீசலில் கரையாத சோப்பு தண்ணீரில் கரையும் என்பதற்குப் பட்டம்கூட வேண்டாம்.

குழந்தையின் சோப்பு கண்ணாடி மாதிரி இருக்கும், கையில் எடுத்தாலே குழையும். "குளிக்கிற சோப்பு நிக்காது, துணி சோப்புத்தான் நிக்கும்" என்று அவரே ஒருமுறை சொன்னதுண்டு. வீட்டிலிருந்த துணி சோப்பை லாரி மேலேயே கரைத்து ஊற்றியதும் நான்தான். வேறு வழியில்லாமல் குழந்தையின் சோப்பை எடுத்து அடைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஹனூர் வரை கவலையில்லை, நடுவில் ஊர்கள் இருக்கின்றன. ஹனூரைத் தாண்டினால் மலையேற்றம், பிறகு பாலாறு வரை காடு. டீசல் ஒழுகிக் குறைந்தால் குழாயில் காற்று ஏறி, ஏற்றத்திலேயே வண்டி நின்றுவிடும். பின்னால் வீட்டுச் சாமான், முன்னால் கொண்டை ஊசி வளைவு, பக்கத்தில் யானை. எனக்கு எல்லாமே ஒரே நேரத்தில் தெரிந்தது.

போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது என்று மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியது நான்தான். அவர் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஹனூரில் மெயின் ரோட்டிலேயே அவருடைய அக்கா வீடும் கடையும்; நான் நங்கையா என்று கூப்பிடும் நாத்தனார். அவர் வாசலில் நின்றாலே லாரியை நிறுத்திவிடலாம். போனை எடுத்தேன், வைத்தேன். நாத்தனாரிடம் சொன்னால் தம்பி சோப்பு ஒட்டிய டேங்கோடு மலையேறுகிறான் என்பது தெரிந்துவிடும். என் கணவருக்கு அது அவமானம். சுரண்டியது நான் என்பதும் தெரியும். அது வருஷக்கணக்கில் பேச்சாகும். ஒருவேளை வழியில் கொள்ளேகாலில் டீ குடிக்க நிறுத்தும்போது அவரே பார்த்து, துணி சோப்பு வாங்கி வைத்திருக்கலாம். ஒருவேளை அந்தச் சோப்பே நிற்கலாம். நான் பதறியதாகப் பெயர்தான் மிஞ்சும். இப்படி யோசித்தபடியே மகளுக்குத் தலை துவட்டினேன், சட்டை போட்டேன், அரிசியில் அவள் விரலைப் பிடித்து 'அ' எழுதினேன். சுழி கோணிப் போயிற்று. அரிசியைக் கலைத்து மறுபடி எழுதினேன்.

கீழ்வீட்டு உரிமையாளர் அம்மா ஊர்வலம் பார்க்கத் தயாராகப் படியேறி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாக்கம்மா, ஏனாயித்து?" என்று கன்னடத்தில் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்ததால்தானோ என்னவோ, அவர் இறங்கிய உடனே ஹனூருக்குப் போன் செய்தேன்.

"நங்கையா, உங்க தம்பி அந்தப் பக்கம் வருவாங்க. ரோட்டுல கொஞ்சம் நிறுத்தணும்."

"இப்பத்தான புள்ள போனான். ஆரன் அடிச்சுட்டுப் போனான், நானும் கை காமிச்சேன். காமணி நேரம் இருக்கும். ஏன், எதையாச்சும் மறந்துட்டானா?"

கால் மணி நேரம். அரிசியில் 'அ' எழுதிக்கொண்டிருந்த நேரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டிக் காம்பைக்கூட விடவில்லை.



"அப்ப நீ சுரண்டிப்போட்டு அதுக்குமேல பொட்டும் வெச்சுட்ட."

"ஆமாங்க நங்கையா."

"படிச்ச புள்ளைன்னு உன்னையக் கட்டிவெச்சோம்." பிறகு குரல் மாறியது. "செரி, அழுவாத. எட்டரை மேட்டூர் பஸ்ஸு இன்னும் வரல. அந்தக் கண்டக்டரு நம்ம கடையிலதான் வெத்தல வாங்குவான். துணி சோப்பு ரெண்டு குடுத்தனுப்பறேன். பாலாத்துச் செக்போஸ்ட்ல எப்படியும் லாரியெல்லாம் வரிசையா நிக்கும், அங்க குடுத்துருவான். வண்டிக்கு என்ன அடையாளம் சொல்றது?"

"வாழைக்கன்னு கட்டியிருக்குமுங்க."

"இன்னிக்கு எந்த வண்டிலடி கட்டல?"

நம்பரைச் சொன்னேன். அது கண்டக்டருக்கு நினைவிருக்காது என்றார். பச்சை நிறம் என்றேன். பாதி லாரி பச்சை என்றார். அப்போதுதான் வாயில் வந்தது: "இடது பக்கக் கதவை ட்யூப் ரப்பர் போட்டுக் கட்டியிருக்குமுங்க."

"ம். அது போதும். அந்த மாதிரி வேற எவனும் வர மாட்டான்."

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் பொறுக்கமுடியவில்லை. வெயில் மங்கியது. மைசூரில் மேகம் போட்டால் மலையில் தூறும். தூறினால் அந்தக் கண்ணாடிச் சோப்பு டேங்கிலிருந்து வழிந்தே போய்விடும். தெருவில் எல்லோரும் புதுத்துணியோடு அரண்மனைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். மகள் யானை பார்க்கணும் என்று அடம்பிடித்தாள். எனக்கு யானை என்ற சொல்லே ஆகவில்லை. அவளை அதட்டிவிட்டேன். பிறகு மடியில் வைத்துச் சமாதானம் செய்தேன். நடுநடுவே போன் செய்து பார்த்தேன். இப்போது மணிகூட அடிக்கவில்லை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானத்தின்மேல் கோபம் வந்தது.

பஸ்ஸுக்கு முன்பே லாரி மலையில் நின்றுபோயிருந்தால்? கண்டக்டர் செக்போஸ்ட்டைத்தானே பார்ப்பார். இதை நங்கையாவிடம் சொல்ல மறுபடி போனை எடுத்தேன். நான் சொல்லுமுன் அவரே பேசினார். "அதையும் சொல்லித்தான் அனுப்பிருக்கறன். வழியில நின்னா நிறுத்துன்னு. நீ சோத்தத் தின்னு."

என் கணவரின் போன் வந்தபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றரை இருக்கும்.

"ஏனு, எங்கக்காளுக்கு எதுக்குப் போன் பண்ணுன?" குரலில் சிரிப்பு இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"மேட்டூருக்குக் கிட்ட வந்துட்டன். பாலாத்துல நிக்கறன், பஸ்ஸு வந்து நிக்குது. கண்டக்டரு படியில தொங்கிட்டு, 'ட்யூப்பு கட்டுன வண்டி யாருது, ஊட்ல இருந்து சோப்பு வந்துருக்குது, குளிக்கோணுமாம்'ன்னு கத்தறான். பத்துப் பதினஞ்சு லாரிக்காரன் இருக்கறான். இனி அந்த ரோட்டுல நான் எப்படிப் போறது?"

"ஒழுகுச்சா?"

சிரிப்பு நின்றது. "மலையில தூறல் புடிச்சுது. பாப்பா சோப்பு நுரைச்சுப் போயிருச்சு. எறக்கத்துல வந்து சேந்துட்டன். கீழ ஒரு கேனு வெச்சு புடிச்சுட்டு உக்காந்திருந்தன். இந்தச் சோப்பு வராட்டி அங்கிருந்து நகந்திருக்க முடியாது."

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அக்கா சொல்லியிருப்பார் என்றாலும் நான் சொல்ல வேண்டும். "நான்தாங்க சுரண்டினேன். அழுக்குன்னு நினைச்சேன்."

"தெரியும்."

"நங்கையா சொன்னாங்களா?"

"இல்ல. காத்தால டார்ச் அடிச்சுப் பாத்தன். ஒழுகற எடத்துல நேரா உன்ற பொட்டு இருக்குது. வேற ஆரு வெச்சிருப்பா?"

"என்னை எழுப்பியிருக்கலாம் இல்ல?"

"எழுப்பியிருந்தா போக விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அவருக்குத் தெரிந்தே போயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. காலையிலிருந்து என்மேல் இருந்த கோபம் இடம் மாறி அவர்மேல் போயிற்று. அதுவும் நிற்கவில்லை. சாமான் கட்டிவைத்துக் காத்திருக்கும் குடும்பத்திடம் விடியற்காலையில் வரமுடியாது என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா? முடியாது. ஆனாலும்.

"இன்னிக்குத் திரும்பி வந்துடுங்க. அப்புறம் டேங்கைப் பத்தவைக்காம அந்த வண்டி இனி மலையேறக் கூடாது," என்றேன். நச்சரிப்பாகத் தெரியுமோ என்று அன்று யோசிக்கவில்லை.

"செரி."

"அடுத்த வாரம் இல்ல."

"செரிங்கறனே."

இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். வாழைக்கன்றுகள் கிழிந்து தொங்கின. சட்டைப்பையிலிருந்து மகளின் சோப்பில் மிச்சமிருந்ததை எடுத்துக் கொடுத்தார், நகத்தளவு, டீசல் வாசனையோடு. அவள் அதை வாங்கி முகர்ந்துவிட்டு, பத்திரமாகத் தன் பொம்மைகளோடு வைத்தாள். நான் தூக்கிப் போடப் பார்த்தேன், விடவில்லை.

இரண்டு நாள் கழித்து டேங்கைக் கழற்றினார்கள். பற்றவைத்தவர் நல்ல வேலைக்காரர் என்றார்கள். இனி ஒழுகாது என்றும் சொன்னார்கள். அதே வாரத்தில் ரேடியேட்டருக்கு என் மஞ்சள்தூள் டப்பா காலியாயிற்று. லாரியின் டூல்ஸ் பெட்டியில் எப்போதும் ஒரு துணி சோப்பு வைத்திருக்கிறேன், நங்கையா அனுப்பியதில் இரண்டாவது. ஹனூர் போகும்போதெல்லாம், "பொட்டு வெக்க ஏதாச்சும் ஓட்டை இருக்குதா புள்ள?" என்று கேட்கிறார். நானும் சிரித்துவிடுகிறேன்.

இப்போது காலையில் வேலை ஒன்று கூடியிருக்கிறது. அவர் ஏறி உட்கார்ந்து "கல்லை எடு" என்றதும் நான் எடுப்பதில்லை. முதலில் குனிந்து டேங்குக்கு அடியில் பார்க்கிறேன். இன்று காலை சிமெண்ட்டில் சின்னதாக ஓர் ஈரம் இருந்தது. இரவு பெய்த மழையாக இருக்கலாம். கீழ்வீட்டம்மா வாசல் தெளித்த தண்ணீராகவும் இருக்கலாம்.

"என்ன பண்ற? நேரமாச்சு."

"கொஞ்சம் இருங்க," என்று சொல்லிவிட்டு, ஈரத்தைத் தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனேன். வாசனை எதுவும் வரவில்லை. இன்னொரு முறை தொட்டேன்.