பயறு தின்ற பிள்ளைக்குப் பால் இல்லை

மாடே பிழைப்பான எங்கள் கிருஹூராப் பக்கத்தில் எவளாவது வாய் திறந்து, "என் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிப் பார்க்கட்டும். வீட்டுக்குள் பாம்பைக் கொண்டுவந்து விட்டவளைப் போலத்தான் பார்ப்பார்கள். நின்சீமா சொன்னாள். என் தம்பி பரிகியேவின் மனைவி அவள். அதற்காக அவள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. படுத்தியவர் வேறு யாரும் இல்லை, என்னைப் பெற்ற அப்பா.

நான் அடுத்த மேட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். அப்பா வீட்டில் ஒருவர் குரலை உயர்த்தினால் என் அடுப்படிக்குக் கேட்கும். அதனால் இதெல்லாம் யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை.

அப்பா கபகாம்பேக்கு மாடுதான் உலகம். நீளக் கொம்பு மாடுகள், ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒவ்வொன்றின் பாட்டிக்கும் பெயர். பேரன் அகாபா பிறந்த அன்றே பிஹோகோ என்ற செம்மாட்டை அவன் பேரில் விட்டார். நின்சீமா உழவு வீட்டுப் பெண். அவளுடைய அப்பா வாழையும் பயறும் போட்டுப் பிழைப்பவர். பரிகியே ஆசைப்பட்டான் என்றுதான் அப்பா சம்மதித்தார். ஆனால் "மண்வெட்டி வீட்டுக்காரி" என்று சொல்வதை அவர் ஒரு நாளும் விடவில்லை. அவளிடம் சொல்ல மாட்டார். எங்கள் வழக்கத்தில் மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துச் சொல்வார், அவள் காதில் விழும்படி.

அகாபாவுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது மழையோடு வயிற்றுப்போக்கு வந்தது. அந்த மழையில் எங்கள் மேட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்து, எல்லோருக்கும் போயிற்று. இவனுக்கு மட்டும் நிற்பதும் திரும்புவதுமாக இழுத்தது. காலையில் ஒரு குவளை பால் குடிப்பான். கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, உள்ளே கடகடவென்று உருளும். காலை மடக்கிக்கொண்டு அழுவான். அப்புறம் நுரையும் தண்ணீருமாக, புளித்த வாடையோடு போகும். பிட்டம் சிவந்து புண்ணாகிவிட்டது.

நின்சீமா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். அவள் தாய் வீட்டுக்குப் போனால் கேழ்வரகுக் கஞ்சியும் மசித்த வாழைக்காயும் தின்று பிள்ளை நன்றாக இருக்கிறான். இங்கே வந்து குவளையைத் தொட்டால் மறுபடியும் ஆரம்பம். என்னிடம் வந்து சொன்னாள்.

"அண்ணி, பால்தான் இவனுக்குச் சேரல. நீங்க மாமாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

நானும் பக்குவமாகத்தான் சொன்னேன். அப்பா கையிலிருந்த கோலைத் தரையில் தட்டினார்.

"பால் மேல பழி போட வந்துட்டியா? நாங்கல்லாம் எதைக் குடிச்சு வளந்தோம்? மண்வெட்டி வீட்டு வயிறு அது, பால் எப்படித் தங்கும்?"

"அப்பா, அவன் உங்க பேரன்."

"அதனாலதான் சொல்றேன். மாட்டை மாத்துவோம்."

மாற்றினார். பிஹோகோ வேண்டாம், கறுப்பியின் பால் கொடு என்றார். அதுவும் தங்காமல் போயிற்று. சரி, புதிதாகக் கன்று போட்டதன் பால் என்றார். நல்ல மாடு அமையும்வரை தேடுவதுதான் வைத்தியமாம். பிள்ளை எவ்வளவுக்கெவ்வளவு இளைத்தானோ அவ்வளவுக்கவ்வளவு குவளை பெரிதாயிற்று. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. இதில் ஊர் வாய் வேறு: அவளுக்குப் பால் பாத்திரத்தைப் புல் புகை காட்டிச் சுத்தம் செய்யத் தெரியவில்லை, பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை. மாட்டுக்குக்கூட மூன்று வாய்ப்பு கொடுத்தார்கள். அவளுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

நானும் பரிகியேவும் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கருங்கி என்ற டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். மலத்தில் ரத்தம் உண்டா, உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி உண்டா? எதுவும் இல்லை. பிள்ளையை எடை பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பேதியில குடலோட உள்தோல் தேஞ்சிருக்கு. பால்ல இருக்கிற சர்க்கரையை இப்ப அதால செரிக்க முடியல. திரும்ப வளந்துடும், பயப்படாதீங்க. சில வாரம் மாட்டுப்பாலை நிறுத்துங்க. தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது. கஞ்சி, முட்டை, வாழைக்காய், சின்ன மீன், நல்லா வெந்த பயறு, எல்லாம் குடுங்க. போகும்போதெல்லாம் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு வாரத்துல எடைக்குக் கூட்டிட்டு வாங்க. ரத்தம் கண்டாலோ, துவண்டாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ அன்னைக்கே ஓடி வரணும்."

பரிகியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் நின்றதும் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் தம்பிதான், இருந்தாலும் சொல்கிறேன், அன்றைக்கு அவனைக் கன்னத்தில் அறைய எனக்குக் கை துறுதுறுத்தது. நானே டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை கறந்த பாலோடு வந்து பிள்ளையை மடியில் போட்டுத் தன் கையாலேயே புகட்டினார். அவர் கையை அந்த வீட்டில் யார் தடுப்பது? மத்தியானம் மறுபடியும் போய்ப் பிள்ளை வாடிக் கிடந்தான். நின்சீமா கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அழவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் அப்பா பாலோடு உள்ளே வந்தபோது நானும் இருந்தேன். பிள்ளை வாயெல்லாம் சிவப்பு அப்பியிருந்தது. விடிவதற்குள் நின்சீமா சிவப்புப் பயறு வேகவைத்துத் தோலுரித்து மசித்து ஊட்டியிருந்தாள்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். எங்கள் மாட்டுக்காரர் வழக்கத்தில், பயறு விழுந்த வயிற்றில் அன்றைக்குப் பால் விழக் கூடாது. விழுந்தால் கறந்த மாட்டின் மடி கெட்டுப்போகும். இந்தக் காலத்தில் அதையெல்லாம் பார்க்காதவர்கள் உண்டு. அப்பா பார்ப்பவர். பேரனைவிட மடிதான் அவருக்குப் பெரிது என்பதை நின்சீமா சரியாகக் கணக்குப் போட்டிருந்தாள்.

"யாரு குடுத்தது?" என்று சுவரைக் கேட்டார்.

நின்சீமா பிள்ளையைப் பார்த்துப் பதில் சொன்னாள். "சாப்புடு கண்ணு. மண்வெட்டி வீட்டுக்காரிக்கு வேற என்ன தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை.

தினமும் அதேதான். அப்பா எவ்வளவு சீக்கிரம் கறந்தாலும் பயறு முந்திக்கொண்டது. கபகாம்பேயின் பேரனை உழவனாக்குகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். பிள்ளை வயிறு அடங்கியது, புண் ஆறியது, எடை ஏறியது. பிறகு டாக்டரம்மா சொற்படி முதலில் ஒரு கரண்டி தயிர். அது தங்கவே, மெல்லக் கூட்டினாள். கடைசியில்தான் கறந்த பால், அதுவும் சாப்பாட்டோடு இரண்டு வாய். அதுவும் தங்கியது.

அகாபா வாசலில் கன்றுகளை விரட்டி ஓடுவதைப் பார்த்து அப்பா விருந்து வைத்தார். சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். எழுந்து நின்று கூசாமல் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்காரங்க பாலை நிறுத்தச் சொன்னாங்க. நான் விட்டனா? இந்தப் புள்ளையைப் பொழைக்க வெச்சது பிஹோகோவோட பால்."

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். பரிகியேவும்தான். வாசலோரம் பக்கத்து வீட்டு மருமகள் அதுஹைரே இடுப்பில் குழந்தையோடு நின்றாள். குழந்தையின் கால்கள் குச்சியாக இருந்தன. அவளுடைய மாமனார் அவளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா? நாளையிலேர்ந்து ரெண்டு குவளை" என்றார்.

நின்சீமா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நடுவில் வந்து அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"என்னை என்ன வேணா சொன்னீங்க மாமா, கேட்டுக்கிட்டேன். இதைக் கேட்டுக்க மாட்டேன். என் புள்ள பொழச்சது நீங்க குடுத்த பாலால இல்ல. நீங்க குடுக்க முடியாமப் போனதால."

அவள் திரும்பி அதுஹைரேயிடம் சொன்னாள்: "எதனாலன்னு டாக்டரம்மா பாத்துத்தான் சொல்லணும். ரெண்டு குவளை குடுத்துக் காத்திருக்காத. காலையில வா, நான் கூட வரேன்."

அன்றிலிருந்து அப்பா அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. அவள் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் காலை அதுஹைரே வந்தாள், மாமனாருக்குத் தெரியாமல், குழந்தையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு.