வட துருவம் வரை மஞ்சள்

வடதுருவப் பனிக்கடலில் கப்பல்கள் வழி தேடித் திரிந்த காலத்தில் அச்சான வரைபடம் அது. பல வருடம் அலைந்து வாங்கினேன். மயிலாப்பூர் வீட்டுக்கு வந்த அன்றே, புதுப் பொருளுக்கு வைப்பதுபோல, என் மனைவி அதன் நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள்.

"அறிவிருக்கா உனக்கு? இது என்ன ஃப்ரிட்ஜா?" என்று கத்தினேன். ஆத்திரத்தில் ஈரத்துணியை எடுத்து, ஒரு மூலையிலிருந்து உள்பக்கமாக அழுத்தித் துடைத்தேன். மஞ்சள் கரைந்து நடுவிலிருந்த வட துருவம் வரை ஈஷிக்கொண்டது. தாளும் அங்கே கிழிந்தது.

மறுநாள் இருவரும் திருவல்லிக்கேணியில் ஃப்ரேம் போடும் பாயிடம் போனோம்.

"மூலையில இருக்கற பொட்டெல்லாம் சட்டத்துக்குள்ள மறைஞ்சிடும் சார். நடுவுல இப்படித் தேச்சது யாரு?" என்றார்.

"இவதான்" என்றேன். எப்படித்தான் சொன்னேனோ!

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆமா பாய், தெரியாம பண்ணிட்டேன்" என்றாள்.

இப்போது படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் கறையைப் பற்றிக் கேட்டால், நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் முந்திக்கொள்கிறாள்: "என் வேலைதான். காபி ஆறிடும், குடிங்க."

நானும் தலையைக் குனிந்து குடிக்கிறேன். இங்கே எழுத முடிந்ததை அங்கே சொல்ல இன்னும் வாய் வரவில்லை.