சூடம் இல்லாத கோர்ட்டில்

ராக்கையாவைத் திருடன் என்று சொல்பவர்களின் வாயில் ஓங்கி அறைய வேண்டும் போல இருக்கிறது எனக்கு. முதல் அறை என் வாயில்தான் விழ வேண்டும். நானும் ஒருநாள் அவரிடம், "எடுக்காத ஆளு எதுக்குண்ணே ஆமான்னு சொன்னீக?" என்று கேட்டவன்தான்.

வடுகபட்டிப் பக்கம் குருசாமி என்பவரின் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது ராக்கையாவின் வேலை. மோட்டார் ரூம் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். ஊரில் எந்தத் தகராறு என்றாலும் கோயில் முன்னால் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். ராக்கையாவுக்கு அதுதான் பேச்சு. மற்றதெல்லாம் வெறும் வாய்ச்சொல்.

எழுபத்து நான்காம் வருஷம் அந்த ஐந்து எச்.பி. மோட்டார் காணாமல் போனது. சாவி யாரிடம்? ராக்கையாவிடம். அவ்வளவுதான் விசாரணை! ஸ்டேஷனில் வைத்து மூன்று நாள் அடித்தார்கள். பாதம் வீங்கி நிற்க முடியாதபோதும், "நான் எடுக்கலங்கய்யா" என்றுதான் சொன்னார். நான்காம் நாள் காலையில் அவர் மனைவி மாயக்காளைக் கைக்குழந்தையோடு கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். குழந்தை பாலுக்கு அழுதது. அத்தனை ஆண்கள் முன்னால் மாயக்காள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஏட்டு சிரித்தார்.

"ஏலே, ஆமான்னு சொல்லு. இவள இப்பவே அனுப்பிருவோம். கோர்ட்டுலயும் அதையே சொல்லு. ஜட்ஜய்யா திட்டிட்டு விட்டுருவாக."

சொன்னார். மாயக்காள் வீட்டுக்குப் போனாள்.

"திருடினாயா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டபோது ராக்கையா சுற்றிலும் பார்த்தாராம். சூடம் இல்லை. சத்தியம் செய் என்று யாரும் கேட்கவும் இல்லை. அப்படியானால் இது சும்மா கேட்கிற கேள்வி, சாமிக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைத்து "ஆமாங்கய்யா" என்றார். ஆறு மாதம் ஜெயில்.

மோட்டார் எங்கே இருந்தது தெரியுமா? தேனியில், என் கடையில். நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். குருசாமியின் மகன் செல்வமணிதான் அதைக் கொண்டுவந்து, அப்பா விற்கச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனான். வழக்கு விஷயம் என் காதுக்கு எட்டியபோது ராக்கையா உள்ளே போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. குருசாமியிடம் ஓடினேன்.

"அவனே ஒத்துக்கிட்டான். ஒனக்கென்ன வந்துச்சு?" என்றார்.

ஸ்டேஷனிலும் சொல்லிவைத்த மாதிரி அதே பதில். குருசாமி சத்தமில்லாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். நானும் வாயை மூடிக்கொண்டு கடையைப் பார்க்க வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெளியே வந்த அன்றே ராக்கையா கோயில் முன்னால் சூடத்தை அணைத்து, "நான் எடுக்கல" என்று சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அங்கன சூடம் கொளுத்தியிருந்தா, செத்தாலும் ஆமான்னு சொல்லியிருக்க மாட்டேன்யா" என்றார்.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எது காணாமல் போனாலும் ஜீப் அவர் வீட்டுக்குத்தான் வரும். எண்பத்தொன்றில் ஒருநாள் நான் அங்கே இருந்தபோதும் வந்தது. ராக்கையா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். மாயக்காளைப் பார்த்து, "நீ உள்ள போ. வெளிய வராத" என்றார். வாசலில் போய்க் கைகட்டி நின்றார்.

"ஆமாங்கய்யா, நாந்தான்."

என்ன காணவில்லை என்று அவர்கள் இன்னும் சொல்லவே இல்லை.