இரண்டு சி, இரண்டு எம், இரண்டு பஸ்

அக்காமடேட் என்ற ஆங்கில வினைச்சொல்லை நான் வேலை பார்த்த மில் ஆபீசில் பிழையில்லாமல் எழுதியவர்கள் என்னையும் சேர்த்து இரண்டு பேர். மற்றவர் எனக்கு முன்னாலேயே ரிட்டையர் ஆகிப் போனார். வெளியிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரு எம் குறைந்திருக்கும். சிலவற்றில் ஒரு சி. இரண்டும் குறைந்து, பஞ்சத்தில் அடிபட்ட மாடு போல வந்து நின்ற கடிதங்களும் உண்டு. எனக்கு அது பொறுக்காது. சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவேன்.

புதிதாகச் சேரும் டைப்பிஸ்டுகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழி இது. ஏ என்பவன் முன்னால் நடக்கிற ஆள். அவனுக்குப் பின்னால் ஒரு ஜோடி மாடு, இரண்டு சி. அதன் பின்னால் ஒரு சக்கரம், ஓ. மறுபடியும் ஒரு ஜோடி மாடு, இரண்டு எம்; மறுபடியும் ஒரு சக்கரம், ஓ. கடைசியில் டேட், அதாவது கடிதத்தில் தேதி போடுகிறோமே, அதே டேட். பதினொரு எழுத்து. ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி கோணிக்கொள்ளும்.

அர்த்தம் மூன்று. ஒருவருக்குத் தங்க இடம் கொடுப்பது. ஒரு மண்டபமோ அறையோ இத்தனை பேரைக் கொள்ளும் என்பது. அடுத்தவர் வசதிக்காக நம் ஏற்பாட்டை மாற்றிக்கொள்வது. இந்த மூன்றாவதைக் கோயமுத்தூரில் யாரும் அக்காமடேட் என்று சொல்லமாட்டார்கள், அட்ஜஸ்ட் என்பார்கள். சொல்லின் மூன்று அர்த்தங்களும் ஒன்றன்பின் ஒன்றாக என் தலையில் வந்து இறங்கியது என் மகளின் கல்யாணத்தில். தொண்ணூறுகளின் நடுவில் அது.

மாப்பிள்ளை வீடு வெள்ளகோவில் பக்கம். கல்யாணம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மண்டபத்தில். அவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்குவதாகப் பேச்சு. மண்டபத்தில் ஆறு அறை. நெருக்கிப் படுத்தால் முப்பது பேர். ஹாலில் எங்கள் சொந்தக்காரர்கள் படுத்துக்கொள்வார்கள். முப்பதுக்கு மேல் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் எங்கே படுப்பார்கள்?

இது சின்ன விஷயமில்லை. என் தங்கையின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் படுக்க இடமில்லாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார். அந்த நாற்காலியை என் தங்கை புகுந்த வீட்டில் இருபது வருஷம் சுமந்தாள். குழம்பில் உப்புக் கூடினாலும் நாற்காலிப் பேச்சு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நாற்காலிப் பேச்சு. என் மகளுக்கு அந்தக் கதை மனப்பாடம்.

"அத்தைக்கு நாற்காலிங்க. எனக்கு என்னத்தைக் குடுத்து அனுப்பப் போறீங்கப்பா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எத்தனை பேரு வாராங்கன்னு சம்மந்தியவே கேட்டுப்போடறேன்" என்றேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா? எத்தனை பேருன்னு கேட்டா, சோத்துக்குக் கணக்குப் பாக்கறான்னு ஊரே பேசாதுங்களா?"

அவள் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் விருந்தாளியிடம் தலைக்கணக்குக் கேட்கும் வழக்கமே கிடையாது. "எல்லாரும் வந்துருங்க" என்று மட்டும்தான் சொல்லலாம். அவர்களும் எண்ணிக்கை சொல்லமாட்டார்கள். சொன்னால் கேட்டு வாங்கிய மாதிரி ஆகும். மில் ஆபீசில் வாழ்நாள் முழுதும் எழுத்தையும் கணக்கையும் எண்ணியே பிழைத்த ஒருவன் இந்த மரியாதையில் மாட்டிக்கொண்டால் என்ன பாடுபடுவான் என்று யாரும் யோசிப்பதில்லை. ஆனாலும் கேட்காமல் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சம்பந்திக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க சம்மந்தி, வண்டி நிறுத்த எடம் ஒதுக்கோணுமுங்க. அதான் கேக்கலாம்னு."

"அதுக்கென்னங்க, ரெண்டு பஸ்ஸு பேசியிருக்கறமுங்க. எடம் இல்லீன்னா ரோட்டோரமா நிறுத்திக்கறமுங்க. நீங்க ஒண்ணும் அலட்டிக்காதீங்க."

பஸ்ஸைக் கேட்பது ஆளைக் கேட்பது ஆகாது. ஒரு பஸ்ஸுக்கு ஐம்பத்தைந்து சீட்டு. இரண்டுக்கு நூற்றுப்பத்து, மடியில் உட்காரும் குழந்தைகள் தனி. முப்பது போக எண்பது பேருக்கு இடம் வேண்டும்.

மண்டபத்துக்கு அடுத்த தெருவில் ஒரு மில்லின் ஹாஸ்டல் பாதி காலியாகக் கிடந்தது. அதன் மானேஜரிடம் நேரில் போய்க் கேட்டேன். எழுத்தில் கொடுங்கள், ஆங்கிலத்தில் கொடுங்கள் என்றார். அன்றே டைப் அடித்துக் கொடுத்தேன். எண்பது விருந்தினரை ஓர் இரவு அக்காமடேட் செய்துதவ வேண்டும். இரண்டு சி, இரண்டு எம். மூன்றாம் நாள் அனுமதி வந்தது, ஒரே ஒரு எம்முடன். பேனாவை எடுத்தேன்.

"உங்களுக்கு எடம் வேணுமுங்களா, எம் வேணுமுங்களா?" என்றாள் மகள்.

"ரெண்டும் வேணும் கண்ணு."

எண்பது பாய், எண்பது தலையணை வாடகைக்குப் பிடித்து, ஹாஸ்டலில் நானே நின்று விரிக்க வைத்தேன். மகள் வந்து பார்த்துவிட்டு, "இனி நாற்காலி இல்லீங்கப்பா" என்றாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பஸ்கள் வந்தன. முதல் பஸ் நிறைந்திருந்தது. இரண்டாவது பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கினார், கிளீனர் இறங்கினார். அவ்வளவுதான். நான் படியேறி உள்ளே போய்ப் பார்த்தேன். ஐம்பத்தைந்து சீட்டும் காலி.

"ஏனுங்க, மீதிப்பேரு பொறகால வாராங்களா?" என்றேன்.

சம்பந்தி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "அது உங்க சனத்துக்குங்க. நாளைக்குப் பொண்ணைக் கொண்டாந்து விட எத்தனை பேரு வருவீங்கன்னு உங்ககிட்ட கேக்க முடியுங்களா? மரியாதையா இருக்காதுங்களே. அதான் ஒரு முழு பஸ்ஸே கொண்டாந்துபோட்டனுங்க."

விரித்த எண்பது பாயில் ஐம்பத்தைந்து வீண். அது போகட்டும். என் கவலை வேறு. பெண்ணோடு போக நான் ஏற்பாடு செய்திருந்தது ஒரு வேன், பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேர் முழு பஸ்ஸில் உட்கார்ந்து போய் இறங்கினால் வெள்ளகோவிலில் என்ன பேசுவார்கள்? பெண்ணுக்கு ஆளே இல்லை என்பார்கள். நாற்காலியை ஒழித்தேன் என்று நினைத்தால், ஒரு பஸ் நிறைய நாற்காலி வந்து நிற்கிறது.

நிரப்பியே தீருவது என்று முடிவு செய்தேன். வேனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் ஒவ்வோர் இலைக்கு முன்னாலும் போய் நின்றேன். முதல் தடவை கேட்டால் எல்லோரும் "இருக்கட்டுங்க" என்பார்கள். அது பதில் இல்லை, மரியாதை. இரண்டாம் தடவை காரணம் வரும்.

"பால் கறக்கோணுமுங்க மாமா."

"உன்ற தம்பி கறக்கட்டும். நீ ஏறு."

"மாத்துத் துணி இல்லீங்களே."

"நானே வேட்டி தாரேன். ஏறு."

அந்தப் பக்கம் போன என் மனைவி காதில் இது விழுந்தது. "கட்சி மாநாட்டுக்கு ஆளு புடிக்கறாப்பல இருக்குதுங்க." பிடிக்கத்தான் பிடித்தேன். பஸ் வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணி ஏற்றினேன். சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்; அவரையும் கேட்டேன். அவருக்கு உக்கடத்தில் அடுத்த கல்யாணம் இருந்தது, தப்பித்தார்.

மணமக்களையும் சேர்த்து ஐம்பத்து நாலில் நின்றது. மண்டபத்தைக் கூட்டி ஒப்படைக்க நான் இருந்தாக வேண்டும். மனைவி மண்டபச் சாவியை என் கையிலிருந்து பிடுங்கித் தன் தம்பியிடம் கொடுத்தாள். "ஏறுங்க" என்றாள்.

காங்கயம் தாண்டியதும் முன் சீட்டிலிருந்து மகள் திரும்பிப் பார்த்தாள். மாலையைக் கழற்றவில்லை. பஸ் முழுக்கப் பேச்சும் வெற்றிலையும் குழந்தைகள் சண்டையும். அவள் எண்ணுவது போலத் தெரிந்தது. என் பெண்தானே.

அவர்கள் வீட்டு வாசலில், முதல் பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்ட மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். முதலில் மகளும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். அவர்கள் பின்னால் எங்கள் சனம் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மாள் தட்டைப் பிடித்தபடியே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, இன்னொரு அண்டா அரிசி போடச் சொல்லுங்க! அம்மணி படையோட வந்திருக்குது!"

என் மகள் வலது காலை எடுத்து வைத்தாள்.