காதுக்குப் பின்னால் பார்ப்பவள்

அகலப் பல்லுள்ள ஒரு கொம்புச் சீப்பு, அக்காவின் தையல் மெசினுக்குப் பக்கத்திலேயே எப்போதும் கிடக்கும். பார்க்கச் சாதாரணச் சீப்புத்தான். அதை இன்னொருத்தியின் கையில் கண்டபோதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு சீப்புக்குப் போய் எரிச்சலா என்று சிரிக்காதீர்கள், முழுவதையும் கேளுங்கள்.

அக்கா பிறக்கும்போதே வெள்ளை. முடி, புருவம், இமை எல்லாமே வெள்ளை. நிறமில்லாத அந்தத் தோலுக்கு வெயில் ஆகாது. ஆகவே கல்லடிப் பாலத்தில் நடக்கும்போது குடை அவளுக்கு, வெயில் எனக்கு. மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனாலும் அம்மாவின் முந்தானை அவள் தலைமேல்தான். அப்போதே எனக்குப் பொறாமைதான். ஆனால் மத்தியானங்கள் என்னுடையவை. வீட்டுக்குள் அவள் முன்னால் குந்தியிருக்க, நான் பின்னாலிருந்து அந்தச் சீப்பால் வகிடெடுத்துப் பேன் பார்ப்பேன். அந்தத் தலையை வேறு யாரையும் தொட விட்டதில்லை.

வளர்ந்து, ஒரே வளவில் ஆளுக்கொரு வீடென்று ஆன பிறகு, அவளுடைய காதுக்குப் பின்னால் ஆறாத புண்ணொன்று வந்தது. தோல் புற்றுநோய் என்றார்கள், வெட்டியெடுத்தார்கள். முழுவதும் எடுத்தாயிற்று, ஆனாலும் வந்த இடத்திலேயே இது திரும்பக்கூடும் என்றார் டாக்டர். கிளினிக்குக்குத் தவறக்கூடாது, இடையிலும் அவள் கண்ணுக்கு எட்டாத இடங்களை யாராவது மாதாமாதம் பார்த்து, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவ வேண்டும். நான் அங்கேயே தலையாட்டிவிட்டேன். அக்காவோ அந்த வேலையை ராத்தாவிடம் கொடுத்தாள்.

ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் அந்த முஸ்லிம் மனுசி, காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவந்து அக்காவிடம் தைக்கக் கொடுப்பவர். நெடுநாள் பழக்கம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் கூடப்பிறந்தவளை விட்டுவிட்டா? வந்ததும் அக்காவைக் கதவோரத்து வெளிச்சத்தில் இருத்தி, சீப்பை எடுத்து, நான் எடுத்த வகிட்டை அவர் எடுப்பார். தேத்தண்ணி ஊற்றுவது மட்டும் நான். ஒரு நாள் வேண்டுமென்றே சீனி போடாமல் கொடுத்தேன். மனுசி முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனார். அதுவும் எனக்கு எரிச்சல்.

தழும்பின் ஓரத்தில் மறுபடி தடித்த பொருக்கைக் கண்டதும் அவர்தான். சிறிதாயிருக்கும்போதே கண்டது நல்லது என்று கிளினிக்கில் புகழ்ந்தார்கள். இம்முறை இன்னும் அகலமாக வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அக்கா தப்பியதில் எனக்குச் சந்தோசம், கண்டுபிடித்தது ராத்தா என்பதில் கொதி. தாங்காமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன், நான் பார்த்தால் ஆகாதா என்று. அக்கா ஊசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நூல் கோத்தபடி சொன்னாள்:

"நீ பார்த்தா, மறுகா நான் உன்ட முகத்தைப் பார்க்கணும் புள்ள. ராத்தாட முகத்தில ஒண்டும் தெரியாது. உன்ட முகம் எல்லாத்தையும் சொல்லிப்போடும்."

போன மாதம் ராத்தா உம்றா யாத்திரை போனார். வேறு வழியில்லாமல் அக்கா சீப்பை என்னிடம் நீட்டினாள். அப்பாடா என்றிருந்தது. வகிடெடுத்தேன், காதை மெல்ல மடித்தேன். ஒட்டுத்தோலின் விளிம்பில் விரலுக்குச் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, ராத்தா பேசுவதுபோலவே மெதுவாகச் சொன்னேன்: "சின்னப் பொருக்கு ஒண்டு இருக்கு அக்கா. கிளினிக் நாள் வரும் வரைக்கும் இருக்காம நாளைக்கே காட்டுவம்."

அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஓம், காட்டுவம். ராத்தா வந்ததும் அவட்டயும் ஒருக்காக் காட்டுவம்" என்றாள்.

அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.

சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அந்தக் கொம்புச் சீப்பு இப்போது மெசினுக்குப் பக்கத்தில் இல்லை, என் கைப்பைக்குள் இருக்கிறது. ராத்தா வந்து என்னிடம் கேட்டு வாங்கட்டும். சீக்கிரம் வந்து கேட்கட்டும்.