குப்புறப் படுத்துக் கேட்ட எபிசோடு

எங்கள் லேபில் அவருக்குப் பல்லாண்டு என்று பெயர். பல்லோடு இருபத்திரண்டு ஆண்டு குடித்தனம் நடத்தியவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து நாங்கள் கேப்பும் பல் செட்டும் செய்து கொடுப்போம். அதில் பல்லாண்டின் பொறுப்பு நிறம். பல் என்றால் வெள்ளை என்று நினைக்கிறவர்கள் அவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். ஒரே பல்லில் ஈறுப் பக்கம் லேசான மஞ்சள், நடுவில் பால், நுனியில் கண்ணாடி போல ஒரு நீலம் என்று காட்டிக்கொண்டே போவார். பீங்கான் பொடியைக் குழைத்து மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றிச் சூளையில் சுட்டு எடுத்தால், பக்கத்துப் பல்லே ஏமாந்துபோகும்.

இதையெல்லாம் அவர் ஒற்றைக் கண்ணால்தான் செய்தார். இடது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறி. முன்னால் விரலை நீட்டினால் எத்தனை என்று சொல்லும், அவ்வளவுதான். "நமக்கு ஸ்பேர் கிடையாதுப்பா" என்று வலது கண்ணைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார்.

லேபை விட்டால் அவருக்கு ஒரே பைத்தியம், ஒரு ஜப்பானிய அனிமே தொடர். பதினெட்டு வருடமாக ஓடுகிறது. ஒரு பெரிய விலங்கின் முதுகில் ஒரு ஊர். அந்த ஊர்ப்பெண் ஒருத்தி தண்ணீர் எடுக்கக் கீழே இறங்குகிறாள். அந்த நேரம் பார்த்து விலங்கு எழுந்து நடந்துவிடுகிறது. அன்றிலிருந்து தன் ஊரைத் தேடி அலைகிறாள். வழியில் சேர்ந்தவர்கள் நாலு பேர். எண்ணூற்றுச் சொச்சம் எபிசோடு ஆகியும் ஊர் சிக்கவில்லை. பல்லாண்டு கல்யாணத்துக்கு முன்பு பார்க்க ஆரம்பித்தவர். ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை.

அவர் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ரயில் எத்தனை மணி நேரம் தாமதமானாலும் குரலில் ஒரு சுருக்கம் விழாது. அவருக்கு இந்தத் தொடர் வெறும் பொம்மைப் படம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இவர் டிவி முன்னால் உட்கார்ந்தால், அந்த அம்மா துணி மடிக்கப் போய்விடுவார். இனி சொல்லப்போவது அவர்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் திருத்திக்கொண்டே எனக்குச் சொன்னது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தூரிகை பிடித்த கையால் முகத்துக்கு முன்னால் எதையோ விரட்டினார். நான் அடுத்த மேசை.

"என்னண்ணே?"

"ஈ."

"ஈ ஒண்ணும் இல்லையே."

"போயிடுச்சு போல" என்றார். முகம் மட்டும் சரியில்லை. நானும் அதோடு விட்டுவிட்டேன். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

ஈ போகவில்லை. மறுநாள் அது பத்தாயிற்று. வியாழக்கிழமை கண்ணோரத்தில் மின்னல் வெட்டியது. கண்ணை மூடினாலும் வெட்டியது. அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் வாய் திறக்கவில்லை. வெளியே சொல்லாத வரைக்கும் அது தன் தலைக்குள் மட்டும் இருக்கும், சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு கிறுக்குக் கணக்கு. சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், மனைவியைப் பார்ப்பார். எல்லாவற்றின் மேலும் ஈ மொய்த்தது.

சனிக்கிழமை ஐந்து மணி. எபிசோடு ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும்.

"ஏம்மா, இங்க வா. சப்டைட்டில் வரலை" என்றார்.

மனைவி மடித்த துண்டோடு வந்து நின்றார். "வருதேங்க."

"எங்க வருது? கீழ ஒண்ணுமே இல்லையே."

"வருதுங்க. 'இந்த மலைக்கு அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பவில்லை'ன்னு போட்டிருக்கான். இப்ப அடுத்தது போட்டுட்டான்."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். திரையின் அடிப்பகுதியே அவருக்கு இல்லை. அங்கே கறுப்பாக ஒன்று தேங்கி நின்றது. தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பியது. மனைவியைப் பார்த்தார். முகம் தெரிந்தது. கையில் இருந்த துண்டு தெரியவில்லை.

"கண்ணு போகுது" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி மனைவி கேட்டதில்லை.

ஆட்டோவில் போகும்போது அவர் வலது உள்ளங்கையைத் தாடைக்கு நேராகப் பிடித்து, மெல்ல மெல்ல மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். எந்த இடத்தில் கை தெரிய ஆரம்பிக்கிறது என்று பார்த்தாராம். ஒவ்வொரு சிக்னலுக்கும் அந்த இடம் கொஞ்சம் ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மூக்கு வரைக்கும் வந்துவிட்டது.

கண் டாக்டர் ஒரு அம்மா. வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, விழித்திரை பிரிந்திருக்கிறது, காலையில் ஆபரேஷன் என்றார். "எத்தனை நாளா இருக்கு?"

"இன்னைக்குத்தான் டாக்டர்" என்றார் பல்லாண்டு.

ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி விட்டிருந்தார்கள். குப்புறப் படுத்தால்தான் அந்தக் குமிழி மேலே மிதந்து, பிரிந்த திரையைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். ஆகவே ஏழு நாள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிட, கழிவறை போக மட்டும் மணிக்குப் பத்து நிமிடம் விடுமுறை, அப்போதும் தலை குனிந்தபடி. மல்லாந்து மட்டும் படுக்கவே கூடாது.

மனைவி மெத்தையின் தலைமாட்டில் இரண்டு தலையணையை இடைவெளி விட்டு வைத்து, நடுவில் முகம் புதைய இடம் செய்தார். தூக்கத்தில் புரண்டுவிடாமல் இருக்கச் சட்டை முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தார். "ஒட்டகம் மாதிரி இருக்கீங்க" என்றார். அவருக்குச் சிரிக்கப் பயம். தும்மப் பயம். இருமப் பயம். மூக்கு அரித்தால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும், தும்மி எல்லாவற்றையும் கிழித்துவிடுவோமோ என்று. ஆபரேஷன் செய்த கண்ணில் ஆடும் சாம்பல் நிறம் மட்டும். இடது கண்ணில் தரை ஒரு மங்கலான கறை. அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு, பல்லின் நிறங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாராம். நாலாவது நாள் ஒரு நிறம் நினைவுக்கு வரவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க அதைத் தேடினார்.

நான் ஒருமுறை பார்க்கப் போனேன். முதுகைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. வெளியே வந்து அவர் மனைவியிடம் செவ்வாய்க்கிழமை ஈயைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள், சனிக்கிழமை. ஐந்து மணிக்கு அவர் கேட்காமலேயே மனைவி போனை எடுத்து வந்து தரையில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் படிக்கறேன். நீங்க கேளுங்க."

"உனக்கு ஆள் யாருன்னே தெரியாதே."

"தெரியாட்டி என்ன? கொம்பு வெச்ச பொண்ணு கொம்பி. குண்டா மூட்டை தூக்கிட்டு வர்றவன் மூட்டை. போதாதா?"

ஜப்பானிய மொழியில் குரல்கள் கேட்டன. அவற்றின் மேல் மனைவியின் குரல், நாலாவது நடைமேடைக்கு வண்டி வருகிறது என்று அறிவிக்கிற அதே நிதானத்தில்: "கொம்பி சொல்கிறாள், 'நான் உன்னை இங்கே விட்டுவிட்டுப் போக மாட்டேன்.' மூட்டை அழுகிறான். ஏன் அழறான்? தெரியலை. 'பாலம் உடையப் போகிறது.'"

அந்தக் கூட்டத்தில் ஒரு வயதான பாலக்காவல்காரர் உண்டு. முந்நூறாவது எபிசோடில் வந்து சேர்ந்தவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் லேசாக இருமுவார். பல்லாண்டுக்கு உயிர் அவர்தான். இப்போது அந்த இருமல் கேட்டது. பிறகு ஒரு நீண்ட பேச்சு. இருமல் இல்லாத பேச்சு. பிறகு இசை நின்றது. காற்று மட்டும் அடித்தது.

பதினெட்டு வருடத்தில் அந்தத் தொடரில் இசை முழுதாக நின்று காற்று மட்டும் அடித்தது நாலே தடவை. நாலு தடவையும் ஒருவர் செத்தார்.

"என்னாச்சு?" என்றார் தரையைப் பார்த்து.

"அந்தப் பெரியவர் களைச்சுப்போய்த் தூங்கறார். 'காலையில் சந்திப்போம்'னு போட்டிருக்கு."

குரலில் ஒரு பிசிறு இல்லை. அதுதான் பல்லாண்டைக் கலங்கடித்தது. முதலில் பெரியவர் போய்விட்டாரே என்ற துக்கம். அடுத்த நொடியே அது ஒதுங்கி, வேறொன்று உள்ளே வந்தது. இவளால் இப்படிச் சொல்ல முடியும். இத்தனை சுத்தமாக, மூச்சு மாறாமல். அப்படியானால் ஆபரேஷன் முடிந்த அன்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாரே, திரும்பி வந்து "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்" என்றாளே, அது?

கேட்காமல் விட்டுவிடலாமா என்று நினைத்தார். எபிசோடு முடிந்து பாட்டு ஓடியது.

"அவர் செத்துட்டார்தானே?" என்றார்.

மனைவி பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

"காத்து அடிச்சா செத்துட்டாங்கன்னு அர்த்தம். எனக்குத் தெரியும். டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அதான் சொன்னேனே..."

"ஸ்டேஷன்ல பேசற மாதிரி பேசாதே. வீட்டுல பேசற மாதிரி பேசு."

மனைவி போனை அணைத்தார். இப்போது குரல் தேய்ந்திருந்தது. "நடுப்பகுதியும் பிரிஞ்சிருந்துதாம். ஒட்டிடும்னு நம்பறாங்க. ஆனா பழைய பார்வை முழுசா வராதுன்னாங்க. நுணுக்கமான வேலை, நிறம் பாக்கறது... அதெல்லாம் சொல்ல முடியாதாம். நீங்க படுத்திருக்கறப்ப சொன்னா எழுந்து உட்கார்ந்துடுவீங்கன்னு பயந்தேன். அதான்."

அவர் அசையவில்லை. அசையக் கூடாதே. அழவும் பயம், கண்ணுக்கு ஆகுமோ ஆகாதோ என்று.

"நானும் ஒரு பொய் சொன்னேன்" என்றார் கடைசியில். "இன்னைக்குத்தான்னு டாக்டர்கிட்ட சொன்னேன் பாரு, அது செவ்வாய்க்கிழமையே..."

"தெரியும். உங்க லேப்ல சொன்னாங்க."

"திட்டவே இல்லையே நீ?"

"முதுகைப் பாத்து எப்படிங்க திட்டறது? நிமிருங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

ஏழாம் நாள் நிமிர்ந்தார். திட்டு விழவில்லை. அடுத்த வாரங்களில் குமிழி சுருங்கச் சுருங்க, கண்ணுக்குள் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு ஆடியது. கோட்டுக்கு மேலே உலகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்ப்பார். கம்பிகள் நெளிந்தன. இன்றைக்கு நெளிவு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மனைவியைக் கேட்பார், அந்தம்மாவுக்குத் தெரிகிற மாதிரி.

இரண்டு மாதம் கழித்து லேபுக்கு வந்தார். மாதிரிப் பற்கள் பதித்த நிற அட்டையை எடுத்து ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். பதினாறு பல்லும் அவருக்கு ஒரே நிறம், கழுவி வெளுத்த மாதிரி. அட்டையை என் மேசையில் வைத்துவிட்டு, "நீயே வெச்சுக்கோ" என்றார். இப்போது அவர் அச்சு வார்க்கும் பகுதியில் இருக்கிறார். பிளாஸ்டர் கலக்குவது, வார்ப்பது, காய்ந்ததை விரலால் தடவிக் கடி சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது. அதை நன்றாகவே செய்கிறார். ஆனால் நாங்கள் நிறம் பற்றிப் பேசினால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

சனிக்கிழமை எபிசோடு நிற்கவில்லை. எழுத்து நெளிவதால் மனைவிதான் படிக்கிறார். ஆள் செத்தால் செத்தார் என்றே படிக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

போன மாதம் வேலையின் நடுவே அவர் சட்டென்று கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வீசினார். நான் எழுந்துவிட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த முறை ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. கையில் பிளாஸ்டர் காயும் முன்பே நான் அவரை ஆட்டோவில் ஏற்றினேன். மனைவி ஸ்டேஷனிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார், கழுத்தில் அடையாள அட்டையோடு. உள்ளே கூப்பிடும் வரை பல்லாண்டு உள்ளங்கையைத் தாடையிலிருந்து மெல்ல மேலே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை, பழைய தூசிதான் மிதக்கிறது, திரை ஒட்டியபடியே இருக்கிறது என்றார்.

வெளியே வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"பத்து நிமிஷம் இருந்துட்டே போலாங்க" என்றார் மனைவி.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி, ஒரு கண்ணில் பஞ்சுக் கட்டு, கையில் ஒரு காகிதம். மறுநாள் ஆபரேஷனாம். உள்ளே டாக்டர் சொன்னது காதில் விழுந்திருக்கும் போல. "உங்களுக்கும் இதே ஆபரேஷனா? குப்புறவே படுத்திருக்கணும்னு சொல்றாங்களே. ரொம்பப் பயமா இருக்குமோ?"

"இருக்கும்" என்றார் பல்லாண்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுல படிச்சுக் காட்ட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"தங்கச்சி இருக்கா" என்றார் அந்தப் பெண்மணி.